பக்கத்து வீட்டுப் பத்து

சின்னக்கடை வீதியில் கட்டு பன்னிரண்டு ரூபாய்.
நூறு, ஐம்பது, இருபது, பத்து,
எல்லா நோட்டிலும் கண்ணாடி போட்ட ஒரு கரடி.
தனியாக ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் காசு.
ஆறே முக்கால் வண்டியில் மடியில் வைத்து
மலையேற்றினேன் என் மொத்தச் சொத்தையும்.

மூன்றாம் வகுப்பின் மூலையில் கடை திறந்தோம்.
காலி சோப்பு டப்பா, காலி டீத்தூள் பாக்கெட்,
சத்துணவுக் கூடத்தில் இரவல் கேட்ட
ஒரே ஒரு நிஜத் தேங்காய்.
கல்லாவில் சேர்வராயன்.
முதல் போணிக்கு நான் நீட்டிய ஐம்பதை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"செல்லாது டீச்சர். உள்ள கம்பி இல்ல."
பிறகு, போனால் போகிறதென்று
வாங்கிப் போட்டுக்கொண்டான்.

தேங்காய் முப்பத்தேழு.
கொடுத்தது ஐம்பது.
மீதி?

எனக்கு எழுதிக் காட்டியபடியே
நானும் பலகையில் எழுதிக் காட்டினேன்.
பூஜ்யத்தில் ஏழு போகாது.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.
ஐந்து நாலாச்சு, பூஜ்யம் பத்தாச்சு.
பத்தில் ஏழு போக மூன்று.
நாலில் மூன்று போக ஒன்று.
பதின்மூன்று.

சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது
கை தூக்காமல் கேட்டாள் காவேரி:
"வாங்கின பத்த எப்பத் திருப்பித் தரணும்?"

யாரும் சிரிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக்
குழுக்கடன் வசூலுக்கு மோட்டார் சைக்கிள் ஏறிவரும் ஊர்.
போன வருட முன்பணத்துக்கு
இந்த வருடக் காப்பிப் பழம் பறிக்கிற வீடுகள்.
கணக்குப் பாடத்தில் மெடல் வாங்கிய நான்
"கணக்குல தர வேண்டாம்மா" என்றேன்.
"அப்ப அஞ்சுக்கு நஷ்டம்தான?"
பலகையைப் பார்த்தோம்.
தலையில் கோடு கிழிபட்டு
நாலாக நின்றுகொண்டிருந்தது ஐந்து.

அவளே எழுந்து வந்தாள்.
சேர்வராயனை இடுப்பால் தள்ளிவிட்டு
முதலில் தேங்காயை என் கையில் வைத்தாள்.
"முப்பத்தேழு."
அதன் பக்கத்தில் ஒரு காசு. "முப்பத்தெட்டு."
இன்னொன்று. "முப்பத்தொம்போது."
இன்னொன்று. "நாப்பது."
ஒரு பத்துக் கரடி. "அம்பது.
சரியாப்போச்சு, கெளம்புங்க, பின்னாடி வண்டி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாம் வளைவில்
அம்மாவோடு கொய்யா விற்கிறவள்.
மிளகாய்த் தூள் அம்மா கையில், சில்லறை இவள் கையில்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தினமும் வருகிற பாதை,
வளைவுக்கு வளைவு பலகையில் எண்.
பன்னிரண்டில் குமட்டுகிற பிள்ளைக்கு
இருபதில் பன்னிரண்டைக் கழித்தா சொல்கிறோம்?
பதிமூணு, பதினாலு என்று
முதுகைத் தடவிக்கொண்டே ஏறுகிறோம்.

இறங்குகிற வண்டியில் நோட்டுகள் திருத்தினேன்.
முப்பது கணக்கும் அவளுக்குச் சரி.
நான் சொன்ன மாதிரியே கடன் வாங்கியிருந்தாள்,
நான் சொன்ன மாதிரியே கோடும் கிழித்திருந்தாள்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில்
'பாக்கி 10'.
கடைசிப் பக்கத்தில் கூட்டியும் வைத்திருந்தாள்:
முந்நூறு.
சிவப்புப் பேனாவைத் திறந்து, மூடி, திறந்து,
வளைவில் கை ஆடிவிட்டதாக இருக்கட்டும் என்று
அதற்கும் ஒரு சரி போட்டேன்.

அஸ்தம்பட்டியில் இறங்கி
வண்டி கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தேன்.
டிக்கெட் பின்னால் நடத்துநரின் நீல எழுத்து,
பதினாறு, சுற்றி ஒரு வட்டம்.
சில்லறை இல்ல, எறங்கும்போது வாங்கிக்கங்க
என்றிருந்தார்.
ஆறு வருடத்தில் இப்படி எத்தனை வட்டம்.

ஓடவில்லை.
முப்பத்துநாலு. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு.
வெறும் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நடந்தேன்.
நாற்பத்தாறில் வீடு வந்துவிட்டது.