எதிர்ப்படியில் வருபவர்கள்

திபிலீசியில் சுரங்க ரயிலுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டு
அடி சேர இரண்டரை நிமிடம் எடுக்கும்.
எதிரே ஏறி வருகிறவர்களில்
ஆளுக்கு எனக்கு மூன்று நொடி.
மூக்கா காதா என்று யோசிப்பதற்குள்
ஆள் போய்விடுவார்,
மூக்கோடும் காதோடும்.

நான் பல் கட்டுகிறவன்.
மருத்துவர் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு
பார்த்திராத வாய்களுக்குப் பல் செய்பவன்.
அதனால் வாய் எனக்குச் சட்டென்று வரும்.
கைதான் வராது.
முதல் நோட்டு முழுக்கக் கையுறைகள்:
பை தூக்கிய கையுறை,
கொத்தமல்லிக் கட்டைப் பூச்செண்டாய்ப் பிடித்த கையுறை,
கையுறையைக் கோத்துக்கொண்ட கையுறை, காதலர்களாம்.

மேலே எந்தத் தெருவில் எந்தத் தேவாலயம் என்று
மனதுக்குள் கணக்கு வைத்து
மூன்று முறை சிலுவையிட்டுக்கொண்டான் ஒரு பையன்.
நெற்றியில், வயிற்றில், தோளில்
கண்ட இடத்திலெல்லாம் வரைந்தேன்.
ரொட்டி பிடித்த கையையும் சேர்த்து
அவனுக்கு நாலு கை.

இரண்டாம் நோட்டில் முகத்தை விட்டுவிட்டேன்.
தோள் மட்டும்.
வேலை முடிந்து வரும் தோளும்
வேலை கேட்டுப் போகும் தோளும்
ஒரே பக்கம் சரிவதில்லை.
இது தெரிய எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

படிக்கட்டின் அடியில் கண்ணாடிக் கூண்டு.
உள்ளே நாத்தெலா; சட்டையில் குத்திய அட்டை அப்படிச் சொன்னது.
யாரும் விழுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது உத்தியோகம்.
பார்ப்பதற்குச் சம்பளம்!
பொறாமையோடுதான் வரையத் தொடங்கினேன்.
இந்த இடத்தில் நகராத ஒரே ஆள்,
சுலபம் என்று நினைத்தேன்.

பாதிப் படியில் என் நோட்டு திறந்ததும்
அவர் முதுகு நிமிரும்.
கைபேசி மறையும்.
பார்வை நேராக, தாடை இறுக்கமாக.
பதினோரு நாள், பதினோரு படம்,
எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்தவை.

பன்னிரண்டாம் நாள் கூண்டைத் திறந்துகொண்டு வந்தார்.
"எத்தனை தடவை தூங்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

மேலதிகாரி அனுப்பிய ஆள் இல்லை நான் என்பதற்கு
நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.
நின்றபடியே புரட்டினார்.
சிரிக்கவில்லை.
கடைசிப் பக்கம் வரை போய் மூடினார்.
"இத்தனை பேரில் ஒருவருக்கும் கால் இல்லையே."

இல்லைதான்.
என் பக்கத்திலிருந்து கைப்பிடிச் சுவர் மறைக்கும்.
அவர் இருக்கும் இடத்துக்கோ
காலணிதான் முதலில் இறங்கி வரும்,
ஆள் பிறகு.

மறுநாளிலிருந்து அவர் நிமிரவில்லை என்று எழுத ஆசை.
நிமிர்ந்தார். கொஞ்சம் குறைவாக.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை.
எனக்குப் பத்துப் படி கீழே
அக்ரூட் மூட்டையோடு ஒருவர் சாய்ந்தார்.
மூட்டை பிரிந்து
படிக்குப் படி கொட்டைகள் குதித்தோடின.
கூண்டுக்குள் ஒரு கை எதையோ இழுக்க
எல்லாம் நின்றது,
எதிர்ப்படியும்.

எனக்கு நேரே ஓர் அம்மாள்,
பச்சைத் தொப்பி, மேலுதட்டில் வெந்த தழும்பு.
மூன்று நொடி இல்லை, இப்போது எவ்வளவு வேண்டுமானாலும்.
பென்சிலை எடுத்தேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
நோட்டைப் பார்த்தார்,
மறுபடி என்னைப் பார்த்தார்.
எனக்கு நன்றாக வரும் வாய்கூட வரவில்லை.
பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
அக்ரூட் பொறுக்கக் குனிந்தேன்.

அடியில் விழுந்தவரின் தலையை
மடியில் வைத்திருந்தார் நாத்தெலா.
தலைக்கு ஒன்றுமில்லை, முழங்கையில்தான் அடி.
ஒரு காலில் காலுறை மட்டும்.

கூண்டின் கதவு திறந்து கிடந்தது.
நாற்காலி இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
மேசைக்கடியில்
குதிகால் மிதிபட்டு மடங்கிப்போன
இடது காலணி.

இரண்டு கையிலும் அக்ரூட்.
கீழே கொட்டிவிட்டு
அதை வரைந்தேன்.