வக்கீல் செலவுக்கு ஒரு பிங்கோ

கெயோன் தீயணைப்பு நிலையக் கூடத்தில்
சனிக்கிழமை பிங்கோ.
ஒரு அட்டை இரண்டாயிரம் பெசோ.
முதல் பரிசு, தோலுரித்த ஆட்டுக்குட்டி.
வசூல் முழுவதும்
எவாரிஸ்தோ பார்ரியாவின் வக்கீலுக்கு.

பாவம், நான்கு பிள்ளைகள் என்றார்கள்.
யாஸ்னாவுக்கு என்ன வயது என்று யாரும் சொல்லவில்லை.
எல்லாருக்கும் தெரியும் என்பதால் இருக்கலாம்.

சால்மன் ஆலையில் இரண்டு வருடம்
என் இடது பக்கம் நின்றவள்.
குறடால் முள் பிடுங்குவாள்,
நிமிடத்துக்கு முப்பது. நான் இருபத்திரண்டு.
என் தட்டில் மிஞ்சியதைச்
சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

போலீசில் எழுதிக் கொடுத்த மறுநாள்
அவள் லாக்கருக்குள் மீன்குடல்.
அதற்கும் மறுநாள் பேருந்தில்
அவளுக்குப் பக்கத்து இருக்கை காலி.
நான் நின்றுகொண்டே போனேன்,
நாற்பது நிமிடம், மழை,
கம்பியைப் பிடித்தபடி
அவள் வகிட்டைப் பார்த்தபடி.

ஆறு மாதம் ஏன் வாய் திறக்கவில்லை?
செப்டம்பர் விழாவில் அவரோடு ஆடினாளே?
போனஸ் வராத ஆத்திரம்.
இப்படிச் சொன்னவர்கள்
தங்கள் மகள்களை இரவு ஷிப்டுக்கு அனுப்புவதில்லை.

மார்ச் மாதம். இரவு மூன்று மணி.
குளிர் அறையிலிருந்து அவள் வந்தாள்,
ஒரு கையில் மட்டும் கையுறை.
எங்கே என்று கேட்டேன்.
கையுறையைத்தான் கேட்டேன்.
பதில் சொல்லாமல் முள் பிடுங்கத் தொடங்கினாள்.
அன்று நிமிடத்துக்குப் பதினொன்று.
எண்ணினேன்.
எந்த விசாரணையிலும் இதைச் சொல்லவில்லை.

ஐந்து, பத்தொன்பது, அறுபத்து நான்கு.
என் அட்டை நிரம்பிவிட்டது.
நிரம்பினால் கத்த வேண்டும், அதுதான் விதி.
கத்தினேன்.
ஏழு மாதமாக வராத குரல்
எவ்வளவு சுலபமாக வந்தது.

மூன்றாம் பரிசு, மின்சாரக் கெட்டில்.
பார்ரியாவின் மனைவி தன் கையால் தந்தாள்.
முத்தமிட வந்த கன்னம் ஈரமாக இருந்தது.
அவளை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

யாஸ்னா படகேறிவிட்டாள்,
புவெர்த்தோ மோந்த் பக்கம் என்கிறார்கள்.
பார்ரியா திங்களன்று வேலைக்குத் திரும்பினார்,
கை தட்டினார்கள்.
கெட்டில் பிரிக்காத பெட்டியோடு
கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

என் இடது பக்கம் இப்போது புதுப்பெண்.
பெயர் கேட்கவில்லை இன்னும்.
நேற்றிரவு அவளைக்
குளிர் அறைக்கு அனுப்பினார் அவர்.
மணியைக் குறித்துக்கொண்டேன்,
உள்ளங்கையில், பேனாவால்,
மூன்று இருபது.
பிறகு அதன்மேல்
கையுறையை மாட்டிக்கொண்டேன்.