பாக்கி முப்பது ரூபாய்

யோகமணிக்கு இரங்கல் கூட்டமாம்,
பந்தலூரில், ஞாயிறு மூன்று மணிக்கு.
நானும் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு.

இருபத்திரண்டு வருஷம்
அவளுடைய இடது காலிப்பருக்கு வெல்டு வைத்தவன் நான்.
ஒரு மனுஷி எங்கெல்லாம் போய் வருகிறாள் என்பதை
முட்டிக்கீலைக் கழற்றினால் படித்துவிடலாம்.
ரிவிட்டுக்குள் தேயிலைத் தூள் இருந்தால்
சேரம்பாடி ஃபேக்டரி வாசலில் நின்றிருக்கிறாள்.
தோல்வாரில் வயல் சேறு காய்ந்திருந்தால்
பணியர் பாடிக்குக் குறுக்குவழியில் இறங்கியிருக்கிறாள்.
குதிகால் தகடு மட்டும் தேய்ந்திருந்தால்
தாலுகா ஆபீஸ் படிகள்.
அதற்கு நான் எதுவும் கேட்பதில்லை.
அந்தப் படிகளை எனக்கும் தெரியும்.

ஒருநாள் தொடைப்பட்டையைக் கழற்றுகிறேன்,
உள்பக்கமெல்லாம் ரத்தம்.
"அந்தக் காலில் உணர்ச்சி இருக்கா?" என்றேன், மடையன் மாதிரி.
"போலியோ நடையைத்தான் எடுத்துக்கிட்டுப் போச்சு அண்ணே,
வலியை எனக்கே விட்டுட்டுப் போயிருச்சு."
சொல்லிவிட்டு
இன்னொருத்தியின் விதவைப் பென்ஷன் மனுவை
என் பட்டறைப் பெஞ்சில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.
கிரீஸ் பட்ட மனுக்கள் நிறையப் போயிருக்கின்றன
கலெக்டருக்கு.

ஒன்பது வயதில்
அப்பாவின் முதுகில் தொங்கியபடி
தலைமன்னாரில் கப்பல் ஏறியவள்.
மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை
ஒரு மழையில் கரைந்து
இரண்டு வருஷம் அவர்கள் எந்த நாட்டிலும் இல்லை.
அதிலிருந்துதான் இந்தக் காகிதப் பைத்தியம்.
எதற்கும் மூன்று ஜெராக்ஸ்.
பையைத் திறந்தால்
பாதிக் கொளப்பள்ளி உள்ளே இருக்கும்,
பிளாஸ்டிக் உறை போட்டு.

ஊட்டி முகாமுக்கு நாலரை மணி பஸ்.
பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றிக் கூட்டிப் போவாள்.
முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதிய டாக்டரிடம்,
நாற்பது இருந்தால்தான் அட்டை,
"மிச்ச ரெண்டுக்கு இவன் எந்திரிச்சு ஓடிருவானா சார்?"
என்று கேட்டவள்.
அடுத்த மாதமும் அதே பையனோடு போனாள்.
அதற்கடுத்த மாதமும்.

அத்திக்குன்னா வளைவில் யானை.
கூட வந்த ஆட்கள் தேயிலைக்குள் பாய்ந்து ஓட
இவள் மட்டும் அசையாமல் நின்றாளாம்.
ஊரே அவள் தைரியத்தைப் பேசியது.
மறுநாள் என்னிடம் வந்து
"கீல் சிக்கிக்கிச்சு, கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றாள்.

நல்லவள் என்று மட்டும் சொன்னால் பொய்.
வாய் ரொம்பத் துடுக்கு.
வெல்டு கோணினால் நடுரோட்டில் திட்டுவாள்.
காசு வேண்டாம் என்று ஒரே ஒருமுறை சொன்னேன்.
"ஓசின்னா அடுத்த தடவை உங்களைத் திட்ட முடியாதே,
எவ்வளவுன்னு சொல்லுங்க."

கடைசியாக வந்தது ஐப்பசியில், நல்ல மழை.
பழைய காலிப்பரைக் கொடுத்தாள், கணுக்கால் திருகு போயிருந்தது.
ஐநூறுக்குச் சில்லறை இல்லை.
"வெள்ளிக்கிழமை தர்றேன்."
புதன் ராத்திரி நெஞ்சுச்சளி,
வியாழன் காலை கூடலூர் ஆஸ்பத்திரி,
அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள்.
'ஊனத்தை வென்றவர்.'
வெல்லவில்லை ஐயா.
தூக்கிக்கொண்டு நடந்தாள்.
இரண்டே கால் கிலோ,
என் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

நோட்டில் அந்த முப்பதை அடிக்கவில்லை.
தள்ளுபடி அவளுக்குப் பிடிக்காது.

நேற்று நெல்லியாளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்,
இடுப்பில் குழந்தை, கையில் ஃபைல்.
ஆணியில் தொங்கிய காலிப்பரைப் பார்த்துவிட்டு
"அக்கா இதை எடுக்க வருவாங்கல்ல?" என்று
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஒரு கேட்டை முழுசாகப் பற்றவைத்து முடித்தேன்
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்.