பதினேழாம் தொட்டி

கடுகை அரைத்தால் மஞ்சள் வராது.
சாம்பலில் கொஞ்சம் பால் கலந்தது போல
ஒரு நிறம் வரும்,
பழைய ஈரச் சுவரின் நிறம்.
இருபத்தொரு வருடமாக
சுவிஃப்ட் கரண்டில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
கடுகு சாஸ் ஆலையில் இரவு முறை பார்க்கிறேன்.
எனக்குத் தெரியும்.

வினிகர், உப்பு, அரைத்த கடுகு.
அப்புறம் காகிதச் சாக்கின் வாயைக் கத்தியால் கீறி
இரண்டு அகப்பை மஞ்சள்தூள்.
தொட்டிக்குள் துடுப்பு சுற்றும்.
மூன்றாவது சுற்றில் விடிந்துவிடும்.

சாக்கில் ஏதோ ஒரு துறைமுகத்தின் பேர்.
உள்ளே இருப்பது பூவா, மரப்பட்டையா,
மண்ணைத் தோண்டி எடுக்கும் கல்லா,
யாரையும் கேட்டதில்லை.
என் கைரேகை அதற்குத் தெரியும், அது போதும்.
முதல் வாரம் சோப்புப் போட்டுக் கசக்கியபோது
சட்டைக் கை சிவந்துபோனது.
எங்கோ வெட்டிக்கொண்டேன் என்று
விரல் விரலாகத் தேடினேன்.
காயம் இல்லை.
பிறகு கற்றுக்கொண்டேன்: தேய்க்காதே, கொடியில் போடு.
புல்வெளிக் காற்றில், ஒரே பகலில்
வெயில் தின்றுவிடும்.

என் தம்பி ஆபிராம் கடுகு விதைக்கிறவன்.
ஜூலையில் அவன் நிலம் தொடுவானம் வரை பூத்திருக்கும்,
கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
சாசேஜ் மேல் பாட்டிலைப் பிதுக்கும்போதெல்லாம்
மேசை முழுக்கக் கேட்கச் சொல்வான்:
"பாருங்க, என் பூவோட நிறம். அப்படியே வந்திருக்கு."
பிள்ளைகள் நம்பினார்கள். போதகர் நம்பினார்.
அவன் மனைவி ஹெலேனா மட்டும்
என் நகங்களைப் பார்ப்பாள்.
நான் உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்துவேன்.

பிப்ரவரியில் பனிப்புயல்.
சாக்குகளோடு வந்த லாரி ரெஜைனாவைத் தாண்டவில்லை.
"ஓட்டு ஆகனேட்டா," என்றார் டெர்க்சன்,
"நிறுத்தினா பைப் உறைஞ்சிரும்."
பதினேழாம் தொட்டி அன்று விடியவில்லை.
துடுப்பு சுற்றியது, சுற்றியது,
மூக்கில் அதே ஊசி,
நிறம் மட்டும் ஈரச் சுவர்.
கடுகு வெளுத்தாலும் காரம் குறையவில்லை;
ருசி பார்ப்பவள் வாயில் வைத்துத் தலையசைத்தாள்.
விற்பனை ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்:
இதை எவன் வாங்குவான்?
கடைசியில் ஆளுக்கொரு பெட்டி,
இலவசம், லேபிள் இல்லாமல்.
செத்த பிராணியைத் தூக்குவது போல
காருக்குத் தூக்கிப் போனோம்.

அந்த ஞாயிறு ஒரு பாட்டிலை மேசையில் வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.
ஆபிராம் பிதுக்கினான். நிறுத்தினான்.
"கெட்டுப்போச்சு."
"இல்ல. உன் கடுகுதான். உன் கடுகு மட்டும்."

கத்தி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தான்.
கண் கலங்கியது. காரமாகத்தான் இருக்கும்.
"அப்போ அந்த நிறம்?"
கையை நீட்டினேன்.
ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்,
தானியத்தில் ஈரம் பார்ப்பது போல.
"எங்க விளையுது?"
"தெரியாது. சாக்குல வருது."
வெகுநேரம் மென்றான்.
"அதை விதைக்கிறவனுக்குத் தெரியுமா,
நம்ம சாசேஜ் மேல இருக்கோம்னு?"
ஹெலேனா சிரித்துவிட்டாள்,
வாயில் ரொட்டியோடு.

வெளுத்த பாட்டிலை ஃபிரிட்ஜின் பின்வரிசையில் ஒளித்தான்.
ஏப்ரலில் பார்த்தேன், காலி.
விருந்தாளி வந்தால் மஞ்சள் பாட்டில்தான்.
பூவைப் பற்றி இப்போது பேசுவதில்லை.
ஜூலையில் மட்டும் டிராக்டரை விட்டு இறங்கி
நிலத்தோரம் நின்று
ஒரு கொத்தைக் கசக்கி
உள்ளங்கையைப் பார்க்கிறான்.

பச்சைதான் ஒட்டுகிறது.