இரவல் மூக்கு

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம்
ஒரு காய்ச்சல் வந்தது.
போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.

ஓஷிலிருந்து பிஷ்கேக். பன்னிரண்டு மணி நேரம்,
இரண்டு கணவாய், ஏழு பேர்,
நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி.
ஏறுகிறவர்களிடம் கட்டணத்தோடு இதையும் கேட்கிறேன்:
என்ன வாடை அடித்தாலும் சொல்லுங்கள்,
கூச்சப்படாதீர்கள்.

செய்தித்தாள் கருகினாற்போல் என்பார் ஒருவர். கிளட்ச்.
மீன் என்பாள் ஒருத்தி.
கருவாட்டு மூட்டை அவள் காலடியிலேயே கிடக்கும்,
இருந்தும் நிறுத்தி ஃபியூஸ் பெட்டியைத் திறப்பேன்.
ஒயர் உருகினாலும் மீன்தான்.
கூமுட்டை என்றால் பேட்டரி.
ஒருமுறை கூமுட்டை என்றார்கள்,
கூமுட்டையேதான், பின் சீட்டில், யாருடைய பையிலோ.

இன்று டோக்டோகுலில் சத்தார் ஏறினார்.
மடியில் பத்து லிட்டர் தேன்.
சிச்கான் ஏற்றத்தில்
பெர்மெட், எட்டு வயது, சொன்னாள்:
இனிப்பா வருது.
எல்லோரும் சத்தாரைப் பார்த்தார்கள்.
அவருக்கு முகம் சிவந்துவிட்டது.
கேனைத் திறந்து மோந்தார்,
பிறகு வண்டியை மோந்தார்.
"என் தேன் மலைப்பூ. இது மருந்துக்கடைச் சிரப்.
யாரோ அடுப்பில் வைத்திருக்கிறார்கள்."

வெப்பமுள் நடுவில்தான் நின்றது,
ஒன்றும் தெரியாத சாதுபோல.
முள்ளையா, தேன்காரரையா?
ஓரங்கட்டினேன்.
ரேடியேட்டர் குழாயில் நகக்கீறல் அளவு வெடிப்பு,
பச்சையாய்ச் சொட்டுகிறது.
இன்னும் நாலு வளைவு போயிருந்தால்
முள் உண்மையைச் சொல்லியிருக்கும்.

ஆறட்டும் என்று ஒரு மணி நேரம்.
டேப் சுற்றி, ஓடைத் தண்ணீர் ஊற்றி.
யாரோ ரொட்டி பிட்டார்கள், சத்தார் கேனைச் சாய்த்தார்.
எனக்கு அது நாக்கில் வெறும் இனிப்பு.
மலைப்பூ அவர் சொல்லித்தான் தெரியும்.

சுரங்கம் தாண்டினால் இறக்கம். இருட்டிவிட்டது.
ஏழு மூக்கும் குறட்டை விடுகின்றன.
பிரேக்கை மிதிக்கிறேன். பொசுங்குகிறதா?
யாரைக் கேட்க?
கண்ணாடியை இறக்கினால் குளிர் மட்டும் உள்ளே வருகிறது.
நிறுத்தி, சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோனேன்.
இஸ்திரிப் பெட்டி.
கல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பெர்மெட் விழித்தாள். வந்தாச்சா?
இல்லை. என்ன வாடை வருது?
மூச்சை நன்றாக இழுத்து யோசித்தாள்.
பனி, என்றாள்.
அது எந்தப் பழுது என்று தெரியவில்லை எனக்கு.
இரண்டாவது கியரிலேயே இறங்கினேன்.