காம்பின் துளை

தேர்தல் முடிந்து பதினோரு நாள் கழித்து
பந்தநல்லூர் ஸ்டேஷன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது.
கழுத்தில் அட்டைச் சீட்டு:
மரியபுஷ்பம், பயிர்ப் பாதுகாப்பு, ஒற்றைக் குழல்.
குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.
அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கினார்களாம்.

பழைய காம்பு துருவேறி உதிர்ந்திருந்தது.
"சைக்கிள் வால்வு மாதிரி ஒன்னு, அவ்வளவுதான்"
என்று என் லேத்துக்கு வந்தாள்.
அவ்வளவுதானாம்.

இதற்கு எல்லா உறுப்பும் உண்டு நம் பேச்சில்.
வாய், காது, காம்பு. தட்டுவது குதிரை.
போடுவது மருந்து.
தின்பதும் துப்புவதும் ஒரே வாயால்.
காம்பின் உச்சியில் கேப்பு வெடித்தால்
ஊசித் துளை வழியே நெருப்பு இறங்கி
மருந்தைத் தொட வேண்டும்.
அந்தத் துளைதான் என் வேலை.

ஞாயிறு பூசை முடிந்து கொள்ளிடத்தில் இறங்கினோம்.
தண்ணீர் இல்லை. அக்கரை வரை மணல்.
தார் வெட்டிய வாழை ஒன்றை நட்டு
முப்பது எட்டு எண்ணினாள்.
பட்டை பட்டையாக உரித்தால்
குண்டு எவ்வளவு தூரம் போனதென்று
வாழையே சொல்லிவிடும் என்றாள்.

வலை ஈயம் உருக்கிய குண்டு முதலில், துணி சுற்றி.
ஒன்பது பட்டை.
உள்ளே கிடந்தது நசுங்கின சுண்டைக்காயாக.

பிறகு சைக்கிள் பால்ஸ், ஒரு பிடி.
வாழையில் ஐந்து. மீதி எங்கே போயிற்றோ,
ஆற்றைத்தான் கேட்க வேண்டும்.

சூளையில் சுட்ட களிமண் உருண்டை
வாயை விட்டு வரும்போதே புழுதியானது.
"பன்னிக்கு விபூதிப் புதன்" என்று சிரித்தாள்.
சிரித்ததில் தோளில் பட்ட உதை மறந்தது போலிருந்தது.

மூன்றும் வெடித்தன, உண்மைதான்.
ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேப்பு செலவு.
குதிரை விழும், 'டிக்', ஒன்றுமில்லை.
மறு கேப்பு வைத்தால்தான் வாய் திறக்கும்.
"நமுத்துப்போச்சு" என்றேன்.
திருச்சியில் வாங்கியதைக் குறை சொன்னேன்.
அவள் முந்தானையை மணலில் விரித்து
மிச்சக் கேப்புகளை வெயிலில் பரப்பினாள்.
பொட்டுவெடித் தாளை வெட்டி
இரண்டடுக்காக வைத்தும் பார்த்தோம்.

நாலாவது முறை கேப்பு வெடித்தது.
துப்பாக்கி வெடிக்கவில்லை.

"அசையாத" என்றாள்.
வாய் வாழையைப் பார்த்தபடியே இருக்க
அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள்.
பத்து சொல்வது அவள் கணக்கு,
உள்ளே நெருப்பு தூங்குகிறதா செத்ததா என்று தெரிய.

ஒன்று. இரண்டு.
ஒரு மில்லி பிட் சனிக்கிழமை உடைந்தது.
நாலு. கும்பகோணம் போக பஸ் இருந்தது,
நான்தான் போகவில்லை.
ஆறு. முக்கால் மில்லியில் போட்டு
ஊதிப் பார்த்து, போதும் என்றேன் எனக்கே.
எட்டு. அவள் கன்னம் கட்டையில் ஒட்டியிருந்தது.
வியர்வை காதோரமாக இறங்கியது.
பத்தாவதில் நானும் ஆமென் சொன்னேன்.
நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை.

வாயில் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கொன்றாள்.
காம்பைத் திருகி எடுத்துத் துடைத்து
சூரியனுக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
ரவிக்கையிலிருந்து ஊக்கு கழற்றி நுழைத்தாள்.
நுனி மட்டும் போயிற்று.

"கேப்பு நமுக்கல."
வேறொன்றும் சொல்லவில்லை.
முந்தானையிலிருந்து கேப்புகளை
ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அன்றே பஸ் ஏறினேன்.
திங்கள் சாயங்காலம், புதுத் துளை.
குண்டு கிடையாது, தென்னஞ்சவுரி அடைத்த வெறும் மருந்து.
தட்டின கணத்திலேயே பேசியது.
அணைக்கரை ஷட்டரில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன.
சத்தம் போதும் எனக்கு என்றாள்,
கொல்றதுக்கு யார்கிட்ட கடுதாசி வாங்கி அலையறது.

அன்றிரவு பன்றிகள்
கடலைக்கொல்லையின் மறுகோடி வழியே வந்தனவாம்.

காம்புக்கு எண்பது ரூபாய் என்றிருந்தேன்.
மேசையில் அறுபது வைத்தாள்.
எடுத்துக் கல்லாவில் போட்டேன், எண்ணாமல்.