விரால் விலை

"ஜிலேபி நூத்தியிருபது, விரால் மட்டும் ஐநூறா?"
கார்க்காரர் கேட்கிறார், கூலிங் கிளாஸைக் கழற்றாமல்.
திம்மராயன் வழக்கமான பதிலைச் சொல்கிறான்:
"முள்ளு கம்மி சார்."

அடுப்புக்கு ஐந்தடி தள்ளி, தார்ப்பாய் மறைவில்,
பால் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிற என்னிடம்
வேறொரு பதில் உண்டு.
ஐந்து மதிப்பெண் பதில்.
கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரி, விலங்கியல், இரண்டாம் ஆண்டு.
ஸ்கேல் வைத்துக் கூம்பு வரைந்து
குறுக்கே மூன்று கோடு இழுத்து
அடியில் பாசி, நுனியில் பருந்து.
மூன்றாம் ஆண்டு நான் வரையவில்லை. கல்யாணம்.

விரால் ஒரு கிலோ கூட
பத்து கிலோ ஜிலேபி அதன் வாய்க்குள் போயிருக்க வேண்டும்.
பத்து கிலோ ஜிலேபிக்கு நூறு கிலோ பாசி.
அணை மேல் கொட்டுகிற வெயிலில்
பாசி பிடித்து வைப்பது நூற்றுக்கு ஒன்றோ அரையோ.
மிச்சமெல்லாம் தண்ணீரைச் சுட்டு
மதகின் இரும்பைச் சுட்டு
பரிசலில் வலை இழுக்கிற முனிசாமியின் முதுகைச் சுட்டு
வந்த வழியே போய்விடுகிறது.
இத்தனையும் கழித்துக்கொண்டு வந்து
வாழையிலையில் கிடக்கிறது சார் இந்த மீன்.
ஐநூறு கொள்ளை மலிவு.

சொல்லவில்லை. குழந்தையைத் தோள் மாற்றினேன்.

காவேரிப்பட்டணத்து நர்ஸ் சொன்னாள்,
"பால் ஊறணும்னா பால்சுறா சாப்பிடு."
கடல் எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம்.
விற்காத விரால் வால்தான் எனக்குப் பால்சுறா.
களியோடு.
களிக்கும் வெயிலுக்கும் நடுவில் ஆளே கிடையாது.
விராலுக்கு நடுவில் இரண்டு பேர்.

போன வாரம் நடுராத்திரி
அவள் உறிஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது:
என் கூம்பு தப்பு.
நுனிக்கு மேலே இன்னொரு கோடு போட்டிருக்க வேண்டும்.
பாசியைத் தின்ற ஜிலேபியைத் தின்ற விராலைத்
தின்ற என்னைத் தின்கிறவள்
நாலு கிலோ அறுநூறு கிராம்.
இந்த அணையின் ஆகப் பெரிய வேட்டைக்காரிக்கு
இன்னும் பல் முளைக்கவில்லை.

மேலே கெலவரப்பள்ளியில் நுரை பொங்கினால்
போனில் படம் வரும்.
வெள்ளை வெள்ளையாய், பைக் மறையும் உயரத்துக்கு.
"அது அங்க. இங்க வர்றதுக்குள்ள அடங்கிடும்" என்பான் திம்மராயன்.
நுரை அடங்கும். நுரையில் இருந்தது?
அதே பாடத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது.
படிக்குப் படி சக்தி தேயும்,
சில நஞ்சு மட்டும் படிக்குப் படி திரளும் என்று.
பரீட்சைக்கு வராது என்றார்கள், விட்டுவிட்டேன்.
இப்போது படிக்கிறேன், ஒற்றைக் கையால், போன் வெளிச்சத்தில்.
நம் மீனில் இருக்கிறதா, இல்லையா?
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாக இழக்கப்படுகிறது
என்று எழுதினேன் அன்றைக்கு. முழு மதிப்பெண்.
மார்கழி. அணைக்காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடிக்கிறது.
இவள் கழுத்து மடிப்பில் விரல் வைத்தால் கொதிக்கிறது.
உச்சிக்குழி துடிக்கிறது, துடித்துத் துடித்துச் சுடுகிறது.
புடவை தாண்டி, தோல் தாண்டி
என் வயிறு வரைக்கும் வருகிறது அந்தச் சூடு.
இழப்பாம்.
பேனா பிடித்த விரலை மடக்கிக்கொள்கிறேன்.

கார்க்காரர் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனார்.
எட்டரைக்கு அடுப்பை அணைத்தோம்.
தட்டில் களி, பக்கத்தில் வால் துண்டு இரண்டு,
மிளகாய்ப் பொடி கருகி, ஓரம் மொறுமொறுவென்று.
கை கழுவிவிட்டு வந்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"களி மட்டும் போதும்" என்றேன்.

"பால் ஊற வேணாமா?" என்றான்
துண்டை என் பக்கம் தள்ளி.